மூன்றாம் நாள் கதவைத் தட்டுகிறவர்கள்

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விடயத்தைப் பற்றி எழுதி முடித்துவிட்டால், அந்த விடயத்தில் எங்களுடைய கடமையும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வோம். பாடசாலைப் பிள்ளைகளின் இடைவிலகல் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய கட்டுரைகளையும் ஆசிரியத் தலையங்கங்களையும் சேர்த்தால் ஒரு சிறு நூலாகும். புள்ளிவிபரங்களை அடுக்கியிருக்கிறேன், அமைச்சர்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன், பெற்றோருக்கு அறிவுரையும் கூறியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளால் ஒரு பிள்ளையாவது பாடசாலைக்குத் திரும்பி வந்ததா என்று என்னிடம் யாராவது கேட்டால் பதில் சொல்ல இயலாது. ஆனால் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு நின்றதற்கு நான் நேரடிக் காரணமாக இருந்திருக்கிறேன். அதையும் இக்கட்டுரையில் எழுதத்தான் போகிறேன்.

2024 ஆம் ஆண்டில் அம்மன் திருவிழாவுக்காக, நான் பிறந்து வளர்ந்த மலையகத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் அடுத்த மாதமே அங்கு பதாகையோடும் புகைப்படக் கருவியோடும் சிலர் போய் இறங்குவார்கள் என்பது என் அனுபவம். மாலை ஆறு மணியளவில் கோயிலடியிலிருந்து இறங்கி வரும்போது, பழைய பிள்ளைக் காம்பராவில் விளக்கு எரிவதைக் கண்டேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் வேளையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. என்னையும் என் தாயார் அங்குதான் விட்டுச் சென்றார். பகலில் குழந்தைகள் உறங்கும் அந்தக் கட்டடத்துக்குள் இப்போது முப்பது பிள்ளைகள் வரையில் பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த இளைஞர் ஒருவர் சிமெந்துச் சுவரில் பூசிய கறுப்பு வர்ணத்தின் மேல் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

விசாரித்தபோது கதை விரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அது ஓய்ந்ததும் 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் இல்லை என்று மீண்டும் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்பியாசக் கொப்பியின் விலை ஒரு நாட் சம்பளத்தைத் தொட்டுப் பார்த்தது. கொழும்பில் இருந்த பிள்ளைகள் கணினித் திரையில் வகுப்புக்குப் போனார்கள். மலையகப் பிள்ளைகள் தொலைபேசிச் சமிக்ஞை தேடி மலை உச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறினார்கள். ஏறுவதற்குத் தொலைபேசியே இல்லாத வீடுகள் அதைவிட அதிகம். எல்லாம் முடிந்து மணி அடித்தபோது, இந்தத் தோட்டத்தில் ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்புகளில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குத் திரும்பவில்லை. எத்தனை பேர் என்று பாடசாலைக்கும் சரியாகத் தெரியாது, தோட்டத்துக்கும் தெரியாது.

அதனைக் கணக்கெடுக்கும் வேலையைத்தான் முதலில் அவர்கள் செய்திருக்கிறார்கள். மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பெண்கள், ஆறு பேரும் கொழுந்து பறிக்கிறவர்கள், லயம் லயமாகப் போய் 5 வயதிலிருந்து 16 வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடசாலை, போகிறதா, நின்றுவிட்டதா, நின்றிருந்தால் இப்போது எங்கே இருக்கிறது என்பதே விபரம். பின்னர் பாடசாலை அதிபரிடம் போய் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எந்தப் பிள்ளையாவது இரண்டு நாட்கள் தொடர்ந்து வராவிட்டால் வகுப்பாசிரியர் அந்த லயத்துக்குப் பொறுப்பான பெண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிப்பார். மூன்றாம் நாள் மாலை, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில், அந்தப் பெண் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அவ்வளவுதான் திட்டம். எந்த நிறுவனமும் நிதி கொடுக்கவில்லை. எந்த ஆலோசகரும் அறிக்கை எழுதவில்லை.

இது எனக்கு ஏன் பெரிதாகத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இலங்கையில் இலவசக் கல்வியின் தந்தை என்று சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவைப் போற்றுகிறோம். 1945 இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டம் இந்நாட்டின் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளை மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆக்கியது உண்மை. ஆனால் அந்த இலவசக் கல்வி தோட்டத்தின் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வரவில்லை. 6 முதல் 10 வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பை 1907 ஆம் ஆண்டுச் சட்டமொன்று தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்திருந்தது. பத்து வயதுக்கு மேல் ஒரு கூலியின் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்ற கேள்வி அந்தச் சட்டத்தின் வரிகளுக்கிடையில் ஒளிந்திருந்தது. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டில், ஐந்து வகுப்புகள் என்ற அந்த நிலை பல தோட்டங்களில் 1970 களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை நீடித்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே எங்களுக்கு அது கிடைத்தது. ஓட்டப் பந்தயத்தில் முப்பது ஆண்டுகள் பின்னால் நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவனைப் பார்த்து, 'உனக்கு ஓடத் தெரியவில்லை' என்று சொல்வது நியாயமா?

எங்கள் தோட்டப் பாடசாலை 1977 இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் 31 பேர் இருந்தோம். நகரத்துப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்தவர்கள் 12 பேர். போகவும் வரவும் எட்டு மைல் நடை. 1985 இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் நால்வர். அந்த நால்வரில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. நான் பேராதனைக்குப் போனேன். அங்கே கலைப்பட்டம் பெற்றேன். கொழும்புக்கு வந்து பேனா பிடித்தேன். நான் கெட்டிக்காரனாக இருந்ததால் இது நடந்தது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். பின்னர் யோசித்துப் பார்த்தால், எட்டாம் வகுப்பில் நான் ஒரு வாரம் பாடசாலைக்குப் போகாமல் ஒளிந்து திரிந்தபோது, கணித ஆசிரியர் ஒருவர் மழையில் நனைந்துகொண்டு எங்கள் லயத்துக்கு வந்து என் தகப்பனாரோடு பேசிவிட்டுப் போனார். அவர் வந்திராவிட்டால் மற்ற 27 பேரின் வரிசையில் நானும் நின்றிருப்பேன். அவர்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. எனக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

இடைவிலகல் என்ற சொல்லே நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் பிள்ளை தீர்மானித்துப் பாடசாலையை விட்டு விலகுவதாக அந்தச் சொல் எண்ண வைக்கிறது. நடப்பது அப்படியன்று. முதலில் திங்கட்கிழமை ஒரு நாள் போகாது, சப்பாத்து காயவில்லை. பிறகு தம்பிக்குக் காய்ச்சல். அம்மாவுக்குப் பெயர் போட வேண்டும், ஆகவே அக்கா வீட்டில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் போனால் கணக்குப் பாடத்தில் இரண்டு அலகுகள் கடந்துவிட்டன. கரும்பலகையில் எழுதியிருப்பது விளங்கவில்லை. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று விழித்ததைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் போவதற்குக் கூச்சம். கூச்சம் பயமாகிறது. மூன்று வாரம் கழிகிறது. இடாப்பில் சிவப்பு மையில் வரிசையாகக் கோடுகள் விழுகின்றன. தீபாவளி வருகிறது. புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் மூத்த பையன்கள் புதுச் சட்டையும் கைத்தொலைபேசியுமாக ஊருக்கு வருகிறார்கள். விடுமுறை முடிந்து அவர்கள் பஸ் ஏறும்போது கூடவே இவனும் ஏறுகிறான். பெண்பிள்ளையானால், 'நல்ல இடம், பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வருகிறார்.

இதில் எந்த இடத்தில் பிள்ளை விலகியது? சங்கிலியின் முதற் கண்ணியில் பிடித்தால் ஒரு பேச்சோடு முடியும். கடைசிக் கண்ணியில் பிடிக்கப்போனால் பொலிஸும் நீதிமன்றமும் வேண்டும். அந்த ஆறு பெண்கள் முதற் கண்ணியைப் பிடித்திருக்கிறார்கள் என்பதனாலேயே அவர்களுடைய முயற்சி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வாசகர்கள் ஒன்றைக் கேட்கலாம்: இதற்குத்தான் சட்டம் இருக்கிறதே? உண்டு. 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவு கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998 முதல் நடைமுறையில் இருந்தது. 2016 இல் அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. 2021 இல் வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயதும் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் பாடசாலை வரவுக் குழு இருக்க வேண்டும் என்றும் ஒழுங்குவிதி சொல்கிறது. கல்வி வலயங்களில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களும் உள்ளனர். சட்டத்தின் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் நான் பார்த்த பல இடங்களில் அந்தக் குழுக்கள் வருடத்துக்கொரு முறை கூடித் தேநீர் குடித்துக் கையொப்பமிட்டுக் கலைகின்றன. குழுவில் அதிபர் இருப்பார், கிராம உத்தியோகத்தர் இருப்பார், மதகுருமார் இருப்பர். அந்தப் பிள்ளையின் தாயோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கும் பெண் மட்டும் இருக்க மாட்டார். அந்த வீட்டில் நேற்றிரவு அடுப்பு எரிந்ததா, தகப்பன் குடித்துவிட்டு வந்து அடித்தானா, தாய் மத்திய கிழக்குக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டாளா என்பதெல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவரே.

இனி, நான் சொல்லுவதாகக் கூறிய விடயத்துக்கு வருகிறேன்.

2001 ஆம் ஆண்டின் இறுதியில் எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது தோட்டத்தில் எனது பழைய நண்பன் ஒருவனின் ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த 31 பேரில் அவனும் ஒருவன். அவனுக்கு 13 வயதில் ஒரு மகள். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். 'கொழும்புப் பாடசாலையில் சேர்த்து நான் படிக்க வைக்கிறேன். வீட்டில் சின்னச் சின்ன உதவி செய்தால் போதும்' என்று சொல்லி அழைத்து வந்தேன். அப்படிச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பாடசாலையில் சேர்ப்பதற்கு விடுகைப் பத்திரம் கேட்டார்கள். அதை எடுக்கத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தை மாதம் நேரமில்லை. மாசியில் குழந்தைக்குச் சுகமில்லை. பங்குனியில் 'அடுத்த தவணை பார்க்கலாம்' என்றேன். அடுத்த தவணையில் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

2002 ஜூன் 12 ஆம் திகதியைச் சிறுவர் தொழிலுக்கு எதிரான உலக தினமாகச் சர்வதேச தொழில் தாபனம் முதன்முதலில் அனுஷ்டித்தது. அதற்கு முன்னைய இரவு வீட்டில் அமர்ந்து அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மலையகச் சிறுமிகளைக் கொழும்பின் அடுக்களைகள் எவ்வாறு விழுங்குகின்றன என்பதே பொருள். நன்றாக அமைந்த கட்டுரை. பலர் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்கள். அதை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குத் தேநீர் கொண்டுவந்து மேசையில் வைத்தவள் அந்தப் பிள்ளைதான். தேநீரை எடுத்துக் குடித்துவிட்டுத் தொடர்ந்து எழுதினேன். எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, மாதாமாதம் தகப்பனுக்குப் பணம் அனுப்பினோம். ஆகவே நான் எழுதுவது வேறு யாரோ கொடியவர்களைப் பற்றி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவள் தோட்டத்துக்குத் திரும்பிப் போனாள். அப்போது 15 வயது. எட்டாம் வகுப்பில் போய் உட்கார முடியாது. பத்தாம் வகுப்பில் உட்காரவும் முடியாது. அவளும் தன் தாயோடு மலைக்குப் போனாள்.

2021 இல், மலையகத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயங்களுக்குள்ளாகி மருத்துவமனையில் இறந்துபோனாள். அதை நாடே பேசியது. கண்டன ஊர்வலங்கள் நடந்தன. நான் அந்த வாரம் எதையும் எழுதவில்லை. ஆசிரியபீடத்தில் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்றேன்.

அந்த ஆறு பெண்களில் ஒருத்தி அவள்தான். பிள்ளைக் காம்பரா வாசலில் கையில் கொப்பியோடு நின்றாள். நான் அடையாளம் காணுவதற்கு முன்னரே அவள் என்னைக் கண்டு, "வாங்க மாமா" என்றாள். அவளுடைய மகள் பதினோராம் வகுப்பு. உள்ளே பாயில் உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். மூன்று நாள் என்று ஏன் வைத்தீர்கள், ஒரு வாரம் பார்க்கலாமே என்று ஒரு பத்திரிகையாளனுக்குரிய கேள்வியைக் கேட்டேன்.

"மூணு நாளுன்னா கூப்பிட்டா வந்துரும் மாமா. மூணு கிழமை ஆச்சுன்னா அந்தப் புள்ள வராது. எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்த 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்டேன். "அது எப்பவோ நடந்தது, விடுங்க மாமா. அத்தை சொகமா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, வந்திருந்த பிள்ளைகளைக் கொப்பியில் சரிபார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இதை எழுதுவது என் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக மட்டும் அல்ல. மலையகத்திலிருந்து படித்து மேலே வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் எங்களில் எத்தனை பேருடைய வீடுகளில் இந்தக் கதை நடந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். வெளியே யாரையோ நோக்கி விரலை நீட்டுவதற்கு முன்னர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சமூகம் என்ற சொல்லுக்குள் நாங்களும் அடக்கம்.

அந்த முயற்சியின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். மூன்றாம் நாள் கதவைத் தட்டினால் பெரும்பாலும் மிகச் சிறிய காரணமே வெளியே வருகிறது. சப்பாத்து கிழிந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காசில்லை. மாதவிடாய்க் காலத்தில் பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை. ஒரு பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. கரும்பலகை தெரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் படிப்பு வரவில்லை என்று நின்றுவிட்டிருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் அத்தோட்டத்து இளைஞர்கள் மாதம் 100 ரூபா வீதம் சேர்த்து அனுப்பும் பணத்தில் இவற்றைத் தீர்க்கிறார்கள். லயத்துக் காம்பராவின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஒரு மின்குமிழின் கீழ் சமையலும் தொலைக்காட்சியும் சண்டையும் நடக்கும்போது பிள்ளை எங்கே இருந்து படிக்கும்? அதற்காகவே பிள்ளைக் காம்பராவை மாலையில் திறந்துவிடும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எட்டரை மணிக்குப் படிப்பு முடிந்ததும் ஒவ்வொரு லயத்துப் பிள்ளைகளையும் பெரிய பிள்ளை ஒன்று கூட்டிக்கொண்டு போகிறது.

தோற்ற இடமும் உண்டு. தீபாவளிக்குப் பிறகு கொழும்புக் கடைக்குப் போய்விட்ட 15 வயதுப் பையன் ஒருவனை, முதலாளியோடு தொலைபேசியில் சண்டை பிடித்து அந்தப் பெண்கள் திருப்பி அழைத்து வந்தார்கள். ஊரே மகிழ்ந்தது. பாடசாலைக்குப் போனான். ஆறு மாதப் பாடம் தவறிப் போயிருந்தது. வகுப்பில் அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்க வைப்பதற்குத் தனியாக யாரும் இல்லை. இரண்டு மாதத்தில் யாரிடமும் சொல்லாமல் மீண்டும் பஸ் ஏறிவிட்டான். பிள்ளையைத் திருப்பி அழைத்து வருவது பாதி வேலை. தவறிய பாடத்தை ஈடுசெய்யும் வகுப்பு இல்லாவிட்டால் அழைத்து வந்த பாதையிலேயே அவன் திரும்பிப் போவான். அந்தப் பெண்களே இதைத்தான் முதலில் என்னிடம் சொன்னார்கள். வெற்றிகளைப் பிறகுதான் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் அரசாங்கத்தின் கடமை வருகிறது. சமூகத்தின் முயற்சியைப் பாராட்டும்போது ஓர் ஆபத்து உண்டு. 'பார்த்தீர்களா, மக்களே செய்துகொள்கிறார்கள்' என்று சொல்லி அரசு ஒதுங்கிக்கொள்ளும். கொழுந்து பறிக்கும் பெண்ணால் கதவைத் தட்ட முடியும். கணித ஆசிரியரை நியமிக்க முடியாது. சாதாரண தரத்திலிருந்து உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி பெற வேண்டும், அவற்றுள் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது, இந்த வாசல் தனக்குத் திறக்காது என்று. திறக்காத வாசலுக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? தோட்டப் பகுதிகளில் விஞ்ஞானப் பிரிவுடன் உயர்தரம் கற்பிக்கும் 1ஏபி தரப் பாடசாலைகள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு அல்லது பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும் பாடசாலைகளே அதிகம். பாடசாலை முடியும் இடத்தில் படிப்பும் முடிந்துவிடுகிறது.

சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தொழிற்கல்வியோடு தொடர்ந்து படிப்பதற்காக 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் 2017 இல் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் தொழிற்பயிற்சி நெறிகள் தமிழ் மொழிமூலம், எட்டக்கூடிய தூரத்தில் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

'பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியவில்லை' என்று மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். 2022 இல் அந்த ஆயிரம் ரூபாவின் பெறுமதி என்ன ஆயிற்று என்பதை எல்லோரும் அறிவோம். ஒரு பிள்ளையின் உழைப்பைக் கைவிட்டுவிட்டு அதனைப் படிக்க அனுப்பும் தோட்டத்துத் தாய், கொழும்பில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பும் தகப்பனைவிடத் தன் வருமானத்தில் பெரிய பங்கைக் கல்விக்குக் கொடுக்கிறாள். அருமை தெரியாதவள் என்று அவளைச் சொல்ல நாம் யார்?

தொழிற்சங்கங்களிடமும் ஒரு கேள்வி. மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சந்தா கழிக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளாகக் கழிக்கப்பட்டு வருகிறது. அதில் எத்தனை சதம் அந்தத் தொழிலாளியின் பிள்ளையின் படிப்புக்குத் திரும்பி வந்திருக்கிறது? தோட்டத்துக்கு ஒரு கணிதப் போதனாசிரியருக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவு வழங்குவது எந்தச் சங்கத்துக்கும் சுமையாக இராது. மே தின ஊர்வலத்துக்குப் பஸ் அனுப்புகிறவர்களால் பாடசாலைக்கு ஒரு பஸ் விடும்படி போராட முடியாதா?

மலையகத்தில் இது புதிய மரபும் அன்று. 1960 களில் அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் பாடத்தோடு நின்றுவிடாமல் ஓர் இளைஞர் தலைமுறையையே தட்டியெழுப்பினார்கள். அன்று படித்தவர்கள் மக்களிடம் போனார்கள். பின்னர் படித்தவர்களாகிய நாங்கள் கொழும்புக்குப் போனோம். அந்த இடைவெளியை இன்று எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு வரவுக் குழுவிலும் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த தொழிலாளிப் பெண்கள் இருவராவது இருக்க வேண்டும். இரண்டு நாள் வராத பிள்ளையின் பெயர் மூன்றாம் நாள் பாடசாலைக்கு வெளியே ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். திரும்பி வரும் பிள்ளைக்குத் தவறிய பாடத்தைக் கற்பிக்க வலயக் கல்விப் பணிமனை ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். வன்னியிலும் படுவான்கரையிலும் உள்ள கிராமங்களுக்கும் இது பொருந்தும் என்பது எனது தாழ்மையான கருத்து. நின்றுபோகும் பிள்ளையின் கதை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னைப் போல் ஊரை விட்டு வந்தவர்கள், ஊரிலிருந்து ஒரு பிள்ளையை வேலைக்குக் கேட்பதை நிறுத்த வேண்டும். யாராவது கேட்டாலும் தடுக்க வேண்டும்.

திருவிழா முடிந்து புறப்பட்ட அன்று காலை, எங்கள் லயத்துக்குக் கீழே பாதையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மகள் முன்னால் நடந்தாள். அவள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பெரட்டுக்குப் போகிறவள், ஒரு லயத்தின் முன்னால் நின்று யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு ஒரு சிறுவன் புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தான்.

இப்போது மாதந்தோறும் நானும் ஒரு தொகையை அனுப்பி வருகிறேன். அது கடனின் வட்டிக்கும் காணாது என்பது எனக்குத் தெரியும்.